வியாழக்கிழமை எலி

சனிக்கிழமை காலையில் ஹென்னிங்கை எழுப்பியது வாடைதான். ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்ததுபோலத் தொடங்கி, அடியில் புளிப்பும் அழுகலும் கலந்து வரும் ஒரு வாடை. ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மறுமுறை தூக்கத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். கண்ணைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. வளர்ப்புப் பாம்பு கனேல் மறுபடியும் எலியைக் கக்கியிருக்கிறது.

மகள் எழுவதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று வெறுங்காலோடு கூடத்துக்குப் போனான். கண்ணாடிப் பெட்டியின் சூடான மூலையில், மரத்தூள்மேல் அது கிடந்தது. பாம்பு எலியைத் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும். செரிமானமும் அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் கக்கிய எலியைப் பார்த்தாலே அது வயிற்றுக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதன் தலை களிபோல இளகியிருந்தது. ரோமம் வழுக்கிக்கொண்டு போய், முன்கால்கள்வரை உருக்குலைந்திருந்தது. பின்கால்களும் வாலும் மட்டும், தீனிக்காக வாங்கி உறையவைத்திருந்ததை ஃப்ரீசரிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. வேலை செய்துகொண்டிருந்த யாரோ பாதியில் எழுந்து போய்விட்டதுபோல. பாம்பு பெட்டியின் மறுகோடியில், தக்கைமரப் பட்டைக்கு அடியில் சுருண்டு, தலையை மட்டும் வெளியே வைத்திருந்தது. பாம்புக்கு இமை கிடையாது. அது எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் அன்று காலை அது தன்னைத்தான் பார்க்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

இந்த வீட்டில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் பாம்பு வந்து சேர்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கக்கும். வியாழன் மாலை, பிரிந்துவிட்ட மனைவி அன்னெலியின் வீட்டில் எலியை விழுங்குகிறது. வெள்ளி மதியம் மகள் ஹில்டாவோடு இங்கே வருகிறது. சனி காலை அந்த எலி வெளியே கிடக்கிறது. அங்கே உள்ளே போனது இங்கே வந்ததும் ஏன் வெளியே வருகிறது? ஒரு மாதமாக அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இது ஒன்றுதான்.

முதலில் அவன் சந்தேகப்பட்டது சூட்டை. அது இயல்பு; அவன் தொழிலே சூடு. நோர்ஷோப்பிங் நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் குளிர்காலம் முழுக்கக் குழாய்களில் வெந்நீர் ஓடும். அப்படியே விட்டால் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்து வியர்ப்பார், மேல்வீட்டுக்காரர் கம்பளி போர்த்திக்கொண்டு புகார் எழுதுவார். ஒவ்வொரு வீட்டு வால்வையும் நூலளவு திருப்பித் திருப்பி, எல்லோருக்கும் சமமாகச் சூடு போகும்படி செய்வது ஹென்னிங்கின் வேலை. கனேல் போன்ற சோளப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் முப்பது டிகிரி, மறுபக்கம் இருபத்து நான்கு வேண்டும். அதற்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது. வெளியே இருந்து வாங்கித்தான் செரிக்கும். சூடு பற்றாவிட்டால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகிவிடும், பாம்பு அதை வெளியே தள்ளிவிடும். இதெல்லாம் அவன் படித்திருந்தான். வேலைக்குப் பயன்படுத்தும் வெப்பமானியைக் கொண்டுவந்து பெட்டியின் ஒவ்வொரு மூலையையும் அளந்தான். தெர்மோஸ்டாட்டின் சிவப்பு எண் முப்பதில் ஆணியடித்ததுபோல நின்றது. காரணம் சூடு இல்லையென்றால் அதிர்வாக இருக்கலாம். அவன் வீட்டுக்கு நேர் கீழேதான் எல்லோரும் துணி துவைக்கும் அறை. இயந்திரம் சுழலும்போது சமையலறையில் கரண்டிகள் மெல்லக் கிணுகிணுக்கும். டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டிப் பெட்டியின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தான். கரண்டிகள் கிணுகிணுத்தபோதும் பெட்டித் தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. பாம்பு அப்போதும் கக்கியது.

"வாந்தி எடுத்துடுச்சா?"

ஹில்டா கதவருகே நின்றிருந்தாள். பத்து வயது. தூக்கத்தில் ஒரு பக்கக் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"ம். நீ போய்ப் படுத்துக்கோ. நான் பாத்துக்கறேன்."

அவள் போகவில்லை. அவன் எலியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு முடிச்சு போட்டான். பிறகு, முந்தைய இரண்டு தடவையும் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னான். "இத அம்மாகிட்ட சொல்ல வேண்டாம் குட்டி, சரியா? காரணத்தக் கண்டுபிடிச்சு நானே சரி பண்ணிடறேன்."

"சரி," என்றாள் ஹில்டா. கேள்வி முடிவதற்குள்ளேயே வந்துவிட்ட சரி.

கனேல் என்றால் அவர்கள் மொழியில் லவங்கப்பட்டை. அந்த நிறத்தில் இருந்ததால் ஹில்டா வைத்த பெயர். பாம்பை வாங்கிக் கொடுத்தது ஹென்னிங். அன்னெலியும் அவனும் பிரிந்து, சேர்ந்து வாழ்ந்த வரிசைவீட்டை விட்டு அவன் இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்த வசந்தத்தில். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று முடிவானபோது, அப்பா வீட்டில் ஹில்டாவுக்காக ஏதாவது இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். உயிருள்ள ஏதாவது. ஆனால் வாங்கிய மூன்றாம் வாரமே, "நான் இல்லாதப்ப அது என்னைத் தேடாதா?" என்று ஹில்டா கேட்டாள். பாம்பு யாரையும் தேடாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அன்னெலியும் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கினாள். அதே அளவு, அதே சூட்டு விரிப்பு, அதே தக்கைமரப் பட்டை. அன்றிலிருந்து கனேலும் வாரம் மாறிற்று. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஹில்டா பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிந்து, கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு டிராமில் ஏறுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது.

எலி கொடுப்பதையும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய வாரம் முடிகிறதோ அவர்கள் கடைசி மாலையில், வியாழக்கிழமை, கொடுத்துவிட வேண்டும். இது அன்னெலி சொன்னதுதான். ஹில்டாவின் துணிகளைத் துவைத்து மடித்து அனுப்புகிறோம், காலணியைத் துடைத்து அனுப்புகிறோம், பாம்பை மட்டும் பசியோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? ஹென்னிங்குக்கும் அது நியாயமாகவே பட்டது. பாம்பு சின்னதாக இருந்து, ரோமம் முளைக்காத எலிக்குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்த கோடை முழுவதும் எந்தச் சிக்கலும் வரவில்லை. இலை உதிர்ந்து, பாம்பும் வளர்ந்து, எலியும் பெரிதான பிறகுதான் இது தொடங்கியது.

திங்கட்கிழமை வேலையிடத்தில் யெர்கரிடம் சொன்னான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய் வால்வு திருப்புகிறவர்கள்.

"ஏழு மாடிக் கட்டடத்துக்கே சூடு பிரிச்சுக் குடுக்கற ஆளு," என்றான் யெர்கர். "ஒரு மீன் தொட்டிக்கு முடியலையா உனக்கு?"

"மீன் தொட்டி இல்லடா. பாம்புப் பெட்டி."

"என்னமோ ஒண்ணு. வாந்தி எடுக்குதுன்னா சமையல் சரியில்ல. நீ கொண்டுவர்ற மதியச் சாப்பாட்டப் பாத்தா எனக்கே வரும்." சிரித்துவிட்டு, காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அன்னெலி வீட்ல எடுக்குதா?" என்று கேட்டான்.

"இல்ல. எடுத்திருந்தா சொல்லியிருப்பா."

"அப்ப உன் வீடுதான் பிரச்சினை."

யெர்கர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஹென்னிங் மீதி நாள் முழுக்க அந்த வாக்கியத்தோடுதான் வால்வு திருப்பினான். உன் வீடுதான் பிரச்சினை. ஹில்டாவும் இங்கே வந்த முதல் நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு என்றால் டாக்கோ, மடித்த ரொட்டிக்குள் கறியும் காயும். ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான். அவள் தட்டில் வெள்ளரித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, "ஸ்கூல்ல நெறைய சாப்டேன்ப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் பழையபடி கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்குவாள். ஒருநாள் அவள் தோழியோடு ஃபோனில் பேசும்போது, "அந்தப் புத்தகம் வீட்ல இருக்கு" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தது இந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து. இன்னும் இரண்டு வருஷம் போனால், எங்கே இருக்க விருப்பம் என்று அதிகாரிகள் அவளையே கேட்பார்கள். அவள் வார்த்தைக்கு எடை கூடிவிடும். ஒரு பாம்பு தங்காத வீடு என்று அதற்குள் அவள் மனதில் பதிந்துவிடக் கூடாது. அவன் பயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பெரிதாக இருந்தது.

அன்று மாலை பாம்பைக் கையில் எடுத்தபோது முதுகெலும்பு கூரை முகடுபோல விரலில் தட்டியது. அடுத்த நாள் மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு, ஹில்டாவையும் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போனான்.

குனில்லா அறுபது வயதை ஒட்டியவர். நரைத்த பின்னலைச் சட்டைக்குள் செருகியிருந்தார். கனேலைப் பையிலிருந்து எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள விட்டு, ஒரு மெல்லிய தகட்டால் வாயைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலால் வயிற்றின் நெடுக்கே தடவிக்கொண்டே வால்வரை போனார். நுனியில் விரல் நின்றது. தோல் உரிந்தபோது சரியாகக் கழலாமல் நுனியில் ஒரு துளி உதிர்ந்துபோன வால் அது.

"இந்த வால எனக்குத் தெரியுமே," என்றார். "இவரு போன வாரம்தானே வந்தாரு? ஒரு அம்மா கொண்டுவந்தாங்க. உயரமா, பச்சைக் கோட்டு."

பச்சைக் கோட்டை ஹென்னிங்குக்குத் தெரியும். "எதுக்கு வந்தாங்க?"

"எதுக்கா? வாந்திக்குத்தான். எங்க வீட்லதான் ஏதோ கோளாறு, சூடு பத்தலையோ என்னமோன்னு ஒரே புலம்பல். அழாத குறை. மலம் சோதிச்சுப் பாத்தேன், புழு எதுவும் இல்ல." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீங்க யாரு?"

அவன் சொன்னான். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்றான்.

"பாம்புமா?"

"ஹில்டாவோட வரும்."

"சாப்பிட்டப்புறம் தூக்கறதுண்டான்னு அவங்களக் கேட்டேன். தொடறதே இல்லன்னாங்க."

"நாங்க தொடமாட்டோம். ரெண்டு நாள் தொடக்கூடாதுன்னு தெரியும்."

"எந்தக் கிழமை மாறுது?"

"வெள்ளி."

"எலி?"

"வியாழக்கிழ…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினான்.

குனில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாம்புங்க இது," என்றார். "பார்சல் இல்ல."

பிறகு அவர் விளக்கியதை ஹென்னிங் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டான். அவனுக்குப் பழக்கமான மொழியிலேயே அது இருந்தது. மனித வயிறு எப்போதும் தணலாக இருக்கும் அடுப்பு. பாம்பின் வயிறு அப்படியில்லை. சாப்பாடு இல்லாதபோது அது அணைந்தே கிடக்கும். எலி உள்ளே போன பிறகுதான் அமிலம் சுரக்கத் தொடங்கும், குடல் தடிக்கும், உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் வயிற்றைப் பார்த்து ஓடும். அந்த நாட்களில் பாம்புக்கு வேண்டியது இரண்டு: சூடு, அசையாத தரை. ஏனென்றால் வயிறு நிறைந்த பாம்பால் ஓட முடியாது. ஓட முடியாத நேரத்தில் தரை நகர்ந்தால், தன்னை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் அதன் உடம்புக்குப் படும். தப்பிக்க ஒரே வழி சுமையை இறக்குவது. இடம் மாறினால் உடனே கக்கும் என்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும், புது மூலையில் ஒளிந்து கிடக்கும், பிறகு கக்கும். ஒவ்வொரு தடவையும் எலியோடு அமிலமும் போய்விடும், தொண்டை வெந்துவிடும். அந்தப் புண் ஆறுவதற்குள் அடுத்த வியாழக்கிழமை வந்துவிடுகிறது.

கோடையில் குஞ்சு எலிகள் ஒரே நாளில் பாதி கரைந்திருக்கும். டிராமும் கதகதப்பாக இருந்திருக்கும். சிக்கல் அப்போதும் இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்னெலியும் இதை மருத்துவரிடம் மறைக்கவில்லை என்பது ஹென்னிங்குக்கு உடனே விளங்கியது. அவனும் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாறுவதை ஒரு பயணமாக இரண்டு பேருமே எண்ணியதில்லை. ஹில்டாவின் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் மாறுகிறார்கள். குப்பை வண்டி வருவதுபோல அது ஒரு கிழமை, அவ்வளவே. சாப்பிட்ட பாம்பைத் தொட்டீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் மனதாரச் சொல்வார்கள்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை இப்படி நடந்தா போயிடும்," என்றார் குனில்லா. "கடைசியாக் கக்கின நாள்லேருந்து ரெண்டு வாரம் பட்டினி போடுங்க. தண்ணி மட்டும். அப்புறம் பாதி அளவுல ஒரு சின்ன எலி. குடுத்தப்புறம் ஒரு வாரம் தொடாதீங்க. முக்கியமா, ஒரே எடத்துல வைங்க."

"புது எடம் பழகறதுக்கு அதுக்கு எவ்ளோ நாள் ஆகும்?" ஹில்டா அறைக்குள் வந்ததிலிருந்து பேசிய முதல் வாக்கியம்.

"ஒரு வாரம் ஆகும்."

"அப்ப பழகினதும் கெளம்பணும்," என்றாள் ஹில்டா. கணக்குப் பாடத்தில் விடை சொல்லும் குரலில்.

குனில்லா அவளைப் பார்த்தார். பிறகு பாம்பைப் பைக்குள் விட்டு முடிச்சைத் தானே போட்டார். "எந்த வீடுங்கறத வீட்ல பேசி முடிவு பண்ணுங்க," என்று ஹென்னிங்கிடம் சொன்னார். அதைக் கேட்டதும் ஹில்டா கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

வேலை வண்டியிலேயே திரும்பினார்கள். பின்னால் குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன. வயல்களில் மெல்லிய பனி விழுந்து உழவுச் சால்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

"அம்மா வீட்லயும் எடுத்துச்சா குட்டி?"

"ம்."

"எத்தன தடவ?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதான சொல்ல வேணாம்ன." ஹில்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவும் சொல்ல வேணாம்னா. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னீங்க. அதே வாக்கியம்."

ஹென்னிங் வேகத்தைக் குறைத்தான். ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து போனது.

"ஆனா அது செத்துப் போயிருக்கும்ல, குட்டி."

"தெரியும்." பையைக் கோட்டுக்கு மேலாகத் தடவினாள். "நான் சொன்னா எந்த வீட்ல வெக்கலாம்னு என்னத்தான் கேப்பீங்க. எல்லாத்துக்கும் என்னத்தான் கேக்கறீங்க. கிறிஸ்மஸ் எங்க வேணும், பொறந்த நாளு எங்க வேணும், கட்டில் எந்த வீட்டுக்கு வேணும். நான் ஒண்ணு சொன்னா இன்னொருத்தர் 'பரவால்ல குட்டி'ம்பீங்க. அந்தக் குரல்ல." அவள் அந்தக் குரலில் சொல்லிக் காட்டினாள். மெல்லிய, கொஞ்சம் உயர்ந்த, சிரித்துக்கொண்டே சொல்வதுபோல் ஒரு குரல். அது அன்னெலியினுடையதும்தான், அவனுடையதும்தான். "எனக்கு அது கேக்க வேணாம். அதான்."

பிரிந்ததிலிருந்தே அவர்கள் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறோம் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில்கூட, "சரி, உனக்கு என்ன தோணுது?" என்ற கேள்வி ஹென்னிங்கின் நாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினான்.

ஹில்டா படுத்த பிறகு அன்னெலியைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. பிறகு யாரோ அதை மூடினார்கள்.

"நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றாள் அன்னெலி.

"நீயும்."

"என் வீட்ல மட்டும்தான்னு நெனச்சேன் ஹென்னிங். உன் வீட்ல சரியா இருக்குன்னா, நீ சூடு பாக்கற ஆளு, உனக்கு எல்லாம் சரியாத்தான் வரும்னு…" அவள் மூக்கை உறிஞ்சினாள். "எலிய நான் தோட்டத்துல பொதைச்சேன். அஞ்சு நிமிஷம் நடந்தா குப்பைத் தொட்டி. ஆனாலும் ஏன்னு தெரியல, பொதைச்சேன்."

"ம்."

"எங்க வெக்கலாம்? அவளக் கேட்டு…"

"அவளக் கேக்க வேண்டாம்," என்றான் ஹென்னிங். "நம்மளே சொல்லிடுவோம். உன் வீட்ல இருக்கட்டும்."

"உன் பெட்டிதான் நல்ல பெட்டின்னு ஹில்டா சொல்லுவா. டென்னிஸ் பந்தெல்லாம் வெச்சிருக்கியாம்."

"உன் வீட்லயே இருக்கட்டும் அன்னெலி."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. பாம்பு இந்த வீட்டில் இருந்தால், ஹில்டா எதற்காக வருகிறாள் என்று அவனுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. வசந்தத்தில் கடையில் நின்று அந்தச் சின்ன லவங்கப்பட்டைச் சுருளைத் தேர்ந்தெடுத்தபோது அதற்கு ஒரு வேலை கொடுத்துத்தான் வாங்கினான். தன் எடையில் பாதிகூட இல்லாத எலியைச் செரிக்க முடியாத ஒரு பிராணிக்கு அது பெரிய வேலை.

மறுநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது ஹில்டாவிடம் சொன்னான். "நாங்க முடிவு பண்ணிட்டோம் குட்டி. கனேல் அம்மா வீட்ல இருக்கும். இந்த வீடு அதுக்குச் சரிப்படல. எவ்ளோ பாத்தும் சூடு ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது."

ஹில்டா கூடத்தின் பக்கம் திரும்பினாள். பெட்டிமேல் சிவப்பு எண் முப்பதில் நின்றது. அவள் அந்த எண்ணை வசந்தத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அசைந்து ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவன் கத்தியை ரொட்டியின் அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"பரவால்லப்பா," என்றாள் ஹில்டா.

அந்தக் குரலில்.

வெள்ளிக்கிழமை வேலை வண்டியில், இருக்கைச் சூட்டைப் போட்டு, காலி வயிற்றோடு கனேலை அதன் கடைசிப் பயணம் கூட்டிப் போனான். அன்னெலி வாசலில் நின்றிருந்தாள். பையைக் கை மாற்றியபோது விரல்கள் பட்டன. இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஹில்டா அந்த வாரம் அங்கே இருந்தாள். பாம்பு தண்ணீர் குடித்ததாகவும், ஒளிந்தே கிடப்பதாகவும் செய்தி அனுப்பினாள். இங்கே ஹென்னிங் பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, புது மரத்தூள் பரப்பி வைத்தான். அதைக் கழற்றிப் பரணில் போட வேண்டும் என்று தினமும் நினைத்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும், காலணி கழற்றுவதற்கு முன் சிவப்பு எண்ணைப் பார்த்தான். ஒன்றுமில்லாத பெட்டி முப்பது டிகிரியில் இருந்தது.

அடுத்த வெள்ளி மாலை டிராம் நிறுத்தத்துக்கு எதிரே நின்றான். பனி கனத்து விழுந்துகொண்டிருந்தது. ஹில்டா முதுகுப் பையோடு படியிறங்கினாள். வலது கை கோட்டுக்குள், வயிற்றின் மேல் இருந்தது. அவனைப் பார்த்ததும் நடந்து வந்தாள், அந்தக் கையை எடுக்காமல், வழுக்கும் இடத்தில் எப்போதும்போல அரையடியாக அடி வைத்து. பக்கத்தில் வந்த பிறகுதான் கை அங்கே இருப்பது அவளுக்கே தெரிந்தது. கையை வெளியே எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாததுபோலப் பார்த்தாள். பிறகு கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அன்று டாக்கோவில் இரண்டு கடி. வெள்ளரி. "ஸ்கூல்ல நெறைய சாப்டேன்ப்பா."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான். சாப்பிடு என்று சொல்லவில்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கவில்லை. விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, அவளுக்குத் தொந்தரவில்லாத தூரத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தான்.

ஞாயிறு மதியம் அன்னெலி ஒரு படம் அனுப்பினாள். தக்கைமரப் பட்டைக்கு அடியில் கனேல். உடம்பின் நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு மேடு. கீழே, 'கக்கல. உள்ளயே இருக்கு' என்று எழுதியிருந்தாள். ஹில்டா ஃபோனை வாங்கி, விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, அந்த மேட்டை நெடுநேரம் பார்த்தாள்.

"நான் அங்க இல்லாததாலதான இருக்கு?"

"நீ இல்லாததால இல்ல குட்டி. யாரும் தொடாததால, எங்கயும் தூக்கிட்டுப் போகாததால."

அவள் தலையாட்டினாள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்பம் இருக்கா?" என்று கேட்டாள். அவன் எழுந்து மாவு கரைக்கப் போனான்.

இப்போது முறை இதுதான். வெள்ளிக்கிழமை ஹில்டா அப்பா வீட்டுக்குக் கிளம்பியதும், டிராம் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அன்னெலி உறைந்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுப்பாள். அந்த வாரம் முழுக்க யாரும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். ஹில்டா திரும்பி வரும்போது எலி செரித்திருக்கும். அந்த வாரம் அவள் பாம்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். கனேல் இனி இடம் மாறாது. ஹில்டா மட்டும் மாறுவாள்.